மருந்து தந்த காயம்: வக்காலத்து யார் வாங்குவது?

2020 நவம்பரில் சென்னையிலிருந்து புனேவுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் போனது. கோவிஷீல்டு தடுப்பூசியின் பரிசோதனையில் தன்னார்வலராகச் சேர்ந்து, அக்டோபர் 1ஆம் தேதி சென்னையில் ஊசி போட்டுக்கொண்ட நாற்பது வயதுக்காரர் அனுப்பியது அது. ஊசிக்குப் பிறகு மூளையும் நரம்பும் கடுமையாகப் பாதிக்கப்பட்டதாகச் சொல்லி, 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டிருந்தார். சில நாட்களில் புனேவின் சீரம் நிறுவனம் பதில் சொன்னது. அவருடைய உடல்நலக் குறைவுக்கும் தடுப்பூசிக்கும் தொடர்பே இல்லை. நிறுவனத்தின் பெயரைக் கெடுக்கும் உள்நோக்கம் கொண்ட குற்றச்சாட்டு இது. 100 கோடிக்கு மேல் நஷ்டஈடு கேட்போம் என்பதே அந்தப் பதில். பரிசோதனையை நிறுத்த வேண்டிய காரணம் எதுவும் இல்லை என்று மத்திய சுகாதாரத் துறையும் சொன்னது. விவகாரம் பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தின் படியேறியது.

அந்த மனிதருக்கு வந்த நோய் ஊசியால் வந்ததா, இல்லையா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அதைச் சொல்ல வேண்டியவர்கள் மருத்துவ நிபுணர்களும் நீதிபதிகளும். என் கவலை வேறு. 1966இல் தொடங்கப்பட்டு, உலகிலேயே அதிக எண்ணிக்கையில் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனமாக வளர்ந்த ஒன்று ஒரு பக்கம். நோயிலிருந்து எழுந்து உட்கார்ந்த ஒருவரும் அவர் குடும்பமும் மறுபக்கம். 5 கோடி கேட்டால் 100 கோடி என்று பதில் வரக்கூடிய இடத்தில், சாதாரண மனிதர் யாரை நம்பி நிற்பார்?

'வக்காலத்து வாங்குவது' என்று தமிழில் சொல்கிறோம். ஒருவருக்காக இன்னொருவர் முன்வந்து பேசுவதற்கு அந்தப் பெயர். மருந்தால் காயப்பட்டவருக்காக வக்காலத்து வாங்க இந்த நாட்டில் யார் இருக்கிறார்கள்?

அரசு காட்டிய வழி

இந்தக் கேள்விக்கு மத்திய அரசே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. கோவிட் தடுப்பூசிக்குப் பிறகு தங்கள் மகள்களை இழந்த பெற்றோர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, 2022 நவம்பரில் அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. தடுப்பூசி கட்டாயம் அல்ல. பக்கவிளைவுகளுக்கு அரசை நேரடிப் பொறுப்பாக்க முடியாது. பாதிக்கப்பட்டவர்கள் உரிமையியல் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ இழப்பீடு கேட்கலாம் என்றது அது.

அதாவது, ஆளாளுக்கு ஒரு வக்கீலைத் தேடிக்கொள்ளுங்கள் என்றது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குச் சொல்லப்பட்ட சொல் இது. சட்டப்படி அதில் பிழை இருக்காது. ஆனால், அந்த வழியில் நடந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் தூரம் தெரியும்.

கோவிட் தடுப்பூசிகள் எண்ணற்ற உயிர்களைக் காத்தன. அதில் சந்தேகம் இல்லை. கோவிஷீல்டுக்குப் பிறகு ரத்தம் உறைவதாகக் கருதத்தக்க பாதிப்பு, 10 லட்சம் டோஸுக்கு 0.61 என்ற அளவில் இருந்ததாக 2021 மே மாதம் அரசே தெரிவித்தது. மிக அரிது. அதே தடுப்பூசியை உருவாக்கிய ஆஸ்ட்ராசெனெகா நிறுவனம், மிக அரிதாக அந்தப் பாதிப்பு நேரக்கூடும் என்று 2024இல் லண்டன் நீதிமன்ற ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஊர் முழுவதும் பிழைப்பதற்காகப் போட்டுக்கொள்ளும் ஊசியில், ஒரு வீடு மட்டும் அந்த அரிய விலையைக் கொடுக்கிறது. அந்த வீட்டைத் தாங்கும் கடமை ஊருக்கு உண்டு.

எதிராளி யார்?

மருந்து வழக்கில் ஒரு வக்கீலின் திறமை, எதிராளி யார் என்று கண்டறிவதில் தொடங்குகிறது. 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று நாம் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுகிறோம். சட்டத்தின் கண்ணில் அது நான்கைந்து வெவ்வேறு வழக்குகள்.

முதல் வகை, மருந்தே நஞ்சாவது. 1986இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நஞ்சு கலந்த கிளிசரால் கொடுக்கப்பட்டு 14 நோயாளிகள் இறந்தார்கள். நீதிபதி லெண்டின் ஆணையம் அதை விசாரித்தபோது, மருந்து கொள்முதல் முதல் கண்காணிப்பு வரை எல்லா இடங்களிலும் ஓட்டை இருந்தது வெளியே வந்தது. நாற்பது ஆண்டுகள் ஆகப்போகும் வேளையில், 2025இல் அதே டைஎத்திலீன் கிளைகால் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தில் இருந்தது. அளவு 48.6 சதவீதம், அனுமதிக்கப்பட்டதோ 0.1 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். இங்கே எதிராளி தயாரிப்பாளர். கூடவே, கண்காணிக்கத் தவறிய அரசுத் துறை.

இரண்டாவது, நல்ல மருந்தைத் தவறான அளவில் கொடுப்பது. 1998இல் கொல்கத்தாவுக்கு வந்திருந்த அனுராதா சாஹாவுக்குத் தோலில் ஒவ்வாமை. நீண்ட நேரம் உடலில் தங்கும் ஸ்டீராய்டு ஊசியை ஒரு நாளைக்கு இரண்டு முறை 80 மில்லிகிராம் வீதம் போடச் சொன்னார்கள். நிலைமை மோசமாகி, மே 28ஆம் தேதி மும்பை மருத்துவமனையில் அவர் இறந்தார். இங்கே எதிராளிகள் மருத்துவர்களும் மருத்துவமனையும். மருந்து நிறுவனம் அல்ல.

மூன்றாவது, எச்சரிக்க வேண்டியதை எச்சரிக்காதது. நான்காவது, சீட்டில் ஒன்று இருக்க மருந்துக் கடையில் வேறொன்றைக் கொடுப்பது. ஐந்தாவது, பரிசோதனையில் நேரும் பாதிப்பு. இதற்கு 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகள் தனி வழி வைத்திருக்கின்றன. கடும் பாதிப்பை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பரிசோதனையால் வந்த பாதிப்பு என்று உறுதியானால், இழப்பீட்டுத் தொகையைச் சூத்திரப்படி கணக்கிட்டு, நடத்திய நிறுவனம் கொடுக்க வேண்டும். பரிசோதனைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போடுபவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

எதிராளியைத் தவறாகப் பிடித்தால் வழக்கு முதல் வாய்தாவிலேயே தள்ளாடும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, தயாரிப்பாளரின் பொறுப்புக்கென்று தனி அத்தியாயமே வைத்திருக்கிறது. ஆனால், 87ஆம் பிரிவில் ஒரு கதவு திறந்திருக்கிறது. நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே தர வேண்டிய பொருளாக இருந்து, எச்சரிக்கையை அந்த நிபுணருக்குத் தகுந்த முறையில் சொல்லியிருந்தால், எச்சரிக்கவில்லை என்ற குற்றச்சாட்டிலிருந்து தயாரிப்பாளர் தப்பலாம். 'நாங்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டோம்' என்பார் அவர். 'அது எனக்கு வரவில்லை' என்பார் டாக்டர். இருவரையும் ஒரே மனுவில் சேர்க்காவிட்டால், இருவருக்கும் நடுவில் நோயாளி விழுந்துபோவார். இந்த ஒரு பிரிவைப் பற்றிக் கேளுங்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் வக்கீல் மருந்து வழக்கு தெரிந்தவரா என்பது விளங்கிவிடும்.

முதல் வாரக் காகிதங்கள்

மருந்து வழக்குகள் பல, வக்கீலிடம் போவதற்கு முன்பே கைநழுவிப் போகின்றன. காரணம், குப்பைத் தொட்டி. மாத்திரை அட்டை, சிரப் பாட்டில், ஊசி மருந்துக் குப்பி ஆகியவற்றில் தொகுதி எண் இருக்கிறது. கோல்ட்ரிஃப் விவகாரத்தில் எந்தத் தொகுதி நஞ்சு என்று அந்த எண்ணை வைத்துத்தான் பிடித்தார்கள். வீட்டில் துக்கம் நிகழ்ந்தவுடன் மருந்துகளையெல்லாம் வாரி வெளியே எறிவது நம் வழக்கம். அந்தக் கையோடு சாட்சியும் போய்விடுகிறது.

மிச்ச மருந்தைப் பத்திரப்படுத்துங்கள். கடைப் பில்லை, மருத்துவரின் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். மருத்துவமனையிடம் சிகிச்சை ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறி விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அவற்றை மூன்று ஆண்டுகள்தான் அவர்கள் வைத்திருக்க வேண்டிய கட்டாயம் என்பதும் நினைவிருக்கட்டும். மருந்தில் சந்தேகம் இருந்தால், மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவு பெரிய ஆயுதம். மருந்தை வாங்கிய எவரும் கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுத்து, கையொப்பமிட்ட அறிக்கை பெறலாம். பக்கவிளைவை நோயாளியே நேரடியாக அரசிடம் பதிவுசெய்ய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் இருக்கிறது. இலவசத் தொலைபேசி எண் 1800-180-3024. அந்தப் பதிவே பிறகு ஓர் ஆவணமாகும்.

வக்கீலிடம் கேட்க வேண்டியவை

அமெரிக்காவில் தொலைக்காட்சியைத் திறந்தால், 'இந்த மருந்தால் பாதிக்கப்பட்டீர்களா? எங்களை அழையுங்கள்' என்று வக்கீல்களின் விளம்பரம் ஓடும். வழக்கு வென்றால் இழப்பீட்டில் ஒரு பங்கு. தோற்றால் பீஸ் இல்லை. இந்தியாவில் இரண்டுக்கும் தடை. வழக்கின் முடிவைப் பொறுத்து பீஸ் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கக் கூடாது என்கிறது பார் கவுன்சில் விதி. விளம்பரமும் கூடாது. வக்கீல்களை வரிசைப்படுத்தி இணையத்தில் சேவை விற்கும் நிறுவனங்கள்மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி, 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே, 'வந்ததில் முப்பது சதவீதம் எனக்கு' என்று யாராவது பேசினால், முதல் சந்திப்பிலேயே விதியை மீறுபவர் அவர். எழுந்து வந்துவிடுங்கள்.

இந்தத் தடை சரியா? சரிதான் என்பதே என் எண்ணம். 1984 டிசம்பரில் போபாலில் விஷவாயு கசிந்த சில நாட்களிலேயே அமெரிக்க வக்கீல்கள் விமானம் ஏறி வந்து, பிணங்களுக்கு நடுவே கையெழுத்து வாங்கிய காட்சியை நாடு பார்த்தது. அதற்கு மாற்றாக, 1985இல் சட்டம் போட்டு வழக்காடும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்ட மத்திய அரசு, 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. பாதிக்கப்பட்டவர்களைக் கேட்காமலே அது முடிந்தது. லாபத்துக்காக வந்த வக்கீலிடமும் அவர்களுக்கு நியாயம் இல்லை. அவர்கள் பெயரால் வழக்காடிய அரசிடமும் இல்லை.

ஆனால், தடையின் விளைவையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வருமானம் தந்தவரே படுக்கையில் கிடக்கும் வீடு, வக்கீலுக்கு முன்பணம் கட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பணம் வீணாகாமல் இருக்க, சில கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேட்க வேண்டும். இதற்கு முன் மருத்துவ வழக்கு, மருந்து வழக்கு எதை நடத்தியிருக்கிறீர்கள்? தீர்ப்பின் நகலைக் காட்ட முடியுமா? ஆவணங்களைப் படித்துக் கருத்துச் சொல்ல எந்த மருத்துவ நிபுணரை அணுகுவீர்கள்? அவர் எழுத்தில் தருவாரா? எதிராளியாக வரப்போகும் நிறுவனத்துக்கோ மருத்துவமனைக்கோ நீங்கள் வேலை செய்ததுண்டா? பீஸ் மொத்தமாகவா, வாய்தாவுக்கு இவ்வளவு என்றா? நீங்களே ஆஜராவீர்களா, ஜூனியரை அனுப்புவீர்களா?

பதில்களை எழுத்தில் வாங்குங்கள். ஏனென்றால், 2024 மே 14ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்பைத் தந்தது: வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட முடியாது. மருத்துவர்மீது போடலாம், வக்கீல்மீது முடியாது. தொழில்முறைத் தவறு என்றால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆம் பிரிவில் மாநில பார் கவுன்சிலிடம் புகார் செய்யலாம். அதே சமயம், பீஸ் பாக்கி என்று சொல்லிக் கட்சிக்காரரின் ஆவணங்களை வக்கீல் பிடித்துவைக்க உரிமை இல்லை என்று 2000ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வக்கீலை மாற்ற வேண்டிய நாள் வந்தால் இது கைகொடுக்கும்.

எங்கே போடுவது?

புனேயின் ராஸ்தா பேட்டையில் பல தலைமுறைகளாகத் தமிழர்கள் வாழ்கிறார்கள். அங்கே ஒரு குடும்பம் இமாச்சலத்தில் தயாரான மருந்தால் பாதிக்கப்பட்டால், இமாச்சலத்துக்கு ஓட வேண்டியதில்லை. புனே மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். திருநெல்வேலிக்காரர் புனேயில் தயாரான மருந்தால் பாதிக்கப்பட்டால் திருநெல்வேலியிலேயே போடலாம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ வழக்குப் போடும் உரிமையை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்திருக்கிறது.

எந்த ஆணையம் என்பது, கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல. பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த விலையைப் பொறுத்தது. 200 ரூபாய் மருந்துக்கு 2 கோடி இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். இந்த ஏற்பாடு செல்லும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியது. அங்கே நீங்களே வாதாடலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமும் இல்லை. சிறிய தவறுகளுக்கு, உதாரணமாகக் கடைக்காரர் மருந்தை மாற்றிக் கொடுத்ததற்கு, நீங்களே போய் நிற்கலாம். மருந்துதான் காரணம் என்று மருத்துவ அறிவியலால் நிறுவ வேண்டிய வழக்குக்கு மட்டும் தனியாகப் போகாதீர்கள். எதிரே பெரிய வக்கீல்கள் நிற்பார்கள்.

ஒரு பள்ளமும் இருக்கிறது. பணம் கொடுத்து வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும்தான் இந்தச் சட்டத்தில் 'நுகர்வோர்' உண்டு. அரசு முகாமில் இலவசமாக ஊசி போட்டுக்கொண்டவருக்கு இந்தக் கதவு திறப்பது கடினம். அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்கு, நீதிமன்றக் கட்டணத்தோடு போக வேண்டும். அல்லது தான் வறியவர் என்று நிரூபித்துக் கட்டண விலக்குக் கேட்க வேண்டும். நாட்டில் மிக ஏழையானவருக்கே மிகக் கடினமான வழி என்பது எவ்வளவு பெரிய அநீதி!

தனி மனிதர் சுமக்க முடியாத சுமை

அனுராதா சாஹா வழக்குக்குத் திரும்புகிறேன். அவருடைய கணவர் குணால் சாஹா அமெரிக்காவில் வாழும் மருத்துவர். மனைவிக்குக் கொடுத்த மருந்தின் அளவு தவறு என்று படித்துப் புரிந்துகொள்ள முடிந்தவர். தேசிய நுகர்வோர் ஆணையம் 2006இல் அவருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. இழப்பீடு சுமார் 6 கோடி ரூபாயும் வட்டியும் என்று இறுதியானது 2013 அக்டோபரில். மனைவி இறந்து 15 ஆண்டுகள் கழித்து. ஒரு மருத்துவருக்கே 15 ஆண்டுகள் என்றால், புனேயின் ஹடப்சரில் வேன் ஓட்டுபவருக்கு எத்தனை ஆண்டுகள்?

ஆகவே, நல்ல வக்கீலைத் தேடும் யோசனைகளோடு இந்தப் பேச்சு முடியக் கூடாது. மூன்று மாற்றங்கள் தேவை.

ஒன்று, பிழை யாருடையது என்று கேட்காமல் நிவாரணம் தரும் நிதி. ஜப்பானில் முறையாகப் பயன்படுத்திய மருந்தால் கடும் பாதிப்பு வந்தால், மருந்து நிறுவனங்களின் பங்களிப்பில் இயங்கும் நிதியிலிருந்து உதவி கிடைக்கிறது. 1980 முதல் இது நடக்கிறது. பிரிட்டனில் தடுப்பூசியால் கடுமையாக முடங்கியவருக்கு 1,20,000 பவுண்டு. போதவில்லை என்ற குறை அங்கேயும் உண்டு. ஆனாலும் கேட்க ஓரிடம் இருக்கிறது. உலகுக்கே மருந்து கொடுக்கும் நாடு என்று பெருமைப்படும் நமக்கு, அப்படி ஒரு நிதி வைக்க முடியாதா?

இரண்டு, ஒவ்வொரு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் மருந்து, மருத்துவ வழக்குகளுக்கெனத் தனி வக்கீல் பட்டியல். அவர்களோடு அரசு மருத்துவக் கல்லூரியின் மருந்தியல் பேராசிரியர் ஒருவர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி தர 1987ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. உதவி எண் 15100. சட்டம் இருக்கிறது. அதற்குள் மருத்துவ அறிவைச் சேர்க்க வேண்டும். புனேயில் பெரிய அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, நூறு வயதைக் கடந்த சட்டக் கல்லூரியும் இருக்கிறது. தொடக்கம் இங்கேயே நடக்கலாம்.

மூன்று, சேர்ந்து போராடும் பழக்கம். 1974இல் பிந்துமாதவ் ஜோஷி, கிராஹக் பஞ்சாயத்து என்ற நுகர்வோர் அமைப்பைத் தொடங்கியது இதே புனேயில்தான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பே! பதிவுபெற்ற நுகர்வோர் சங்கம் புகார் தரவும், ஒரே பாதிப்புக்கு உள்ளான பலர் அனுமதி பெற்று ஒரே மனுவாகப் போடவும் சட்டம் இடம் தருகிறது. பத்துக் குடும்பங்கள் சேர்ந்தால் நிபுணர் செலவு பத்தில் ஒரு பங்காகும். மிரட்டல் நோட்டீஸின் கனமும் அப்படியே குறையும்.

2020இல் ஜம்மு பகுதியில் இருமல் மருந்தால் 12 குழந்தைகள் இறந்தபோது, தலைக்கு 3 லட்சம் கொடுக்கச் சொன்ன தேசிய மனித உரிமை ஆணையத்தை எதிர்த்து, ஜம்மு காஷ்மீர் நிர்வாகம் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இறந்த குழந்தைக்கு 3 லட்சம் தர மறுத்து வழக்காட அரசுக்கு வக்கீல் கிடைத்தார். அந்தப் பெற்றோருக்கும் அதே எளிமையில் வக்கீல் கிடைக்கும் நாள்தான் நீதி வந்த நாள்.

அதுவரை, உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ மருந்தால் யாராவது பாதிக்கப்பட்டிருந்தால், இந்த வாரமே காகிதங்களைச் சேருங்கள், கேள்வி கேளுங்கள், தனியாக நிற்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கெடு இரண்டு ஆண்டுகள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கிவிடுகிறது.